பத்தாவது பாராளுமன்றத்தின் முதல் நாட்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

15 நவம்பர் 2024, வெள்ளி

தேர்தல் முடிவுகள் இன்று முழுமையாக வெளிவந்துவிட்டன. 225 ஆசனங்களில் 159 தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்திருக்கின்றன. ஐக்கிய மக்கள் சக்திக்கு 40, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 8. எங்கள் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களுக்குத் தேசிய மக்கள் சக்தியிலிருந்து அருண் ஹேமச்சந்திரவும் ரொஷான் அக்மீமனவும், ஐக்கிய மக்கள் சக்தியிலிருந்து இம்ரான் மகரூபும், தமிழரசுக் கட்சியிலிருந்து சண்முகம் குகதாசனும் தெரிவாகியிருக்கிறார்கள்.

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சுற்றறிக்கைகளையும் வர்த்தமானி அறிவித்தல்களையும் சிங்களத்திலிருந்து தமிழாக்குவதிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. சபை கூடும் நாட்களில் அங்கே நடப்பதை இந்தக் கொப்பியில் எழுதி வைப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். தேர்தல் இரவில் எல்லோரும் விழித்திருக்கிறோம். தெரிவானவர்கள் அதன்பின் ஒவ்வொரு நாளும் என்ன செய்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

21 நவம்பர் 2024, வியாழன்

காலை பத்து மணிக்குச் சபை கூடியது. பாடசாலை விடுமுறை நாளைப் போல வீட்டில் எல்லா வேலைகளையும் முன்கூட்டியே முடித்துவிட்டு நேரலையின் முன்னால் அமர்ந்தேன். உயர்தரப் பரீட்சைக்கு அரசறிவியல் படிக்கும் பேத்தியும் பக்கத்தில் வந்து இருந்துகொண்டாள்.

புதிய பாராளுமன்றம் ஒன்று முதன்முறை கூடும்போது அதற்குத் தலைவர் இல்லை. ஆகவே செயலாளர் நாயகமே சபாநாயகர் தெரிவை நடத்துகிறார். ஆசனங்களும் அன்றைக்கு ஒதுக்கப்பட்டிருப்பதில்லை. விரும்பிய இடத்தில் அமரலாம். அசோக ரன்வல சபாநாயகராக ஏகமனதாகத் தெரிவாகிச் சத்தியம் செய்துகொண்டார். அதன் பின்னர் உறுப்பினர்கள் சத்தியம் செய்தார்கள். பிரதிச் சபாநாயகராக ரிஸ்வி சாலியும், குழுக்களின் பிரதித் தவிசாளராக ஹேமாலி வீரசேகரவும் தெரிவானார்கள்.

சத்தியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் என் மனம் 1983க்குப் போய்விட்டது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் விதித்த சத்தியத்தை ஏற்க மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் சபைக்குச் செல்லாதிருந்தார்கள். தொடர்ச்சியாக மூன்று மாதங்கள் அனுமதியின்றிச் சமுகமளிக்காதவரின் ஆசனம் வெற்றாகும் என்ற விதியின்படி, திருகோணமலை உறுப்பினர் இரா. சம்பந்தன் அந்த ஆண்டு செப்டெம்பரில் தம் ஆசனத்தை இழந்தார். 2015இல் அதே சபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த அவர், இந்த ஆண்டு ஜூன் 30இல் மறைந்தார். அவருடைய இடத்துக்கு ஜூலையில் வந்த குகதாசன்தான் இப்போது வாக்குகளால் தெரிவாகிப் போயிருக்கிறார். ஓர் ஊரின் ஆசனம் வெறுமையாகக் கிடந்தால் அந்த ஊருக்கு என்ன நேர்கிறது என்பதை நேரில் கண்ட தலைமுறை எங்களுடையது.

பின்னர் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வைபவரீதியாகச் சபையைத் தொடக்கி வைத்துக் கொள்கைப் பிரகடனத்தை வாசித்தார். மரியாதை வேட்டுகளோ வாகன அணிவகுப்போ இருக்கவில்லை. அது எனக்கு நிறைவைத் தந்தது. இனவாத அரசியலுக்கும் மதத் தீவிரவாதத்துக்கும் இனி இடமளிக்கப்போவதில்லை என்று அவர் சிங்களத்தில் கூறிய இடத்தில், சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்னவாம் ஐயா சொல்லுறார்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அடுத்த வாக்கியத்தையும் கேட்டார், அதற்கடுத்ததையும் கேட்டார். கடைசிவரை நான் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று.

சபை டிசம்பர் 3 வரை ஒத்திவைக்கப்பட்டது.

27 நவம்பர் 2024, புதன்

வங்கக் கடலின் தாழமுக்கம் எங்கள் கரையை அண்டி நகர்கிறது. டச்சு விரிகுடாவின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கிறது. திங்கட்கிழமை தொடங்கிய உயர்தரப் பரீட்சையை மழையினால் ஒத்திவைத்துவிட்டார்கள். பாராளுமன்றத்தில் திங்கள் முதல் இன்றுவரை புதிய உறுப்பினர்களுக்குச் செயலமர்வு நடந்திருக்கிறது. இம்முறை முதன்முறையாகச் சபைக்குள் நுழைந்தவர்களே பெரும்பான்மையினர். ஆசிரியராகவும் வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் இருந்தவர்கள் சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளை முதலிலிருந்து கற்கவேண்டியிருக்கிறது. அதைக் குறையாக நான் காணவில்லை. மூன்று நாட்கள் போதுமா என்பதே என் கவலை.

மின்சாரம் இல்லாத பகலில் பேத்தி தன் பாடக்குறிப்பிலிருந்து கேள்விகள் கேட்டாள். கூட்டநடப்பெண், அதாவது சபை நடக்க இருக்கவேண்டிய ஆகக்குறைந்த உறுப்பினர் தொகை, எத்தனை? இருபது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு எத்தனை வாக்குகள் வேண்டும்? மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150. "அப்ப இவையளுக்கு வேறொருத்தரும் தேவையில்லையே அம்மப்பா?" என்றாள். தேவைதான் என்று சொன்னேன். அதன் காரணத்தை மழை விடும்வரை இருவரும் பேசினோம். 159 பேரின் எதிரே மீதி 66 பேர் இருக்கிறார்கள். வாக்கெடுப்பில் அவர்களால் எதையும் தடுக்க முடியாது. ஆனால் வாய்மூல விடைக்கான வினாக்கள், ஒத்திவைப்புப் பிரேரணை, குழுக்கள் ஆகிய மூன்றிலும் அவர்களுடைய எண்ணிக்கையைவிட உழைப்பே கணக்கில் வரும். அமைச்சர் ஒருவரை எழுந்து நின்று விடையளிக்கச் செய்வதற்கு ஓர் உறுப்பினர் போதும்.

3 டிசம்பர் 2024, செவ்வாய்

கொள்கைப் பிரகடனத்தின் மீதான இரண்டு நாள் விவாதம் இன்று தொடங்கியது. பிரதமர் ஹரினி அமரசூரிய, சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க, ஆளுங்கட்சியின் முதற்கோலாசான் நளிந்த ஜயதிஸ்ஸ ஆகியோர் ஒருபுறமும், எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச மறுபுறமும் என்று சபை தன் வழமையான உருவத்துக்கு வந்திருக்கிறது.

விவாத நேரத்தைப் பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு கட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. எட்டு ஆசனங்களைக் கொண்ட கட்சிக்கு நிமிடக் கணக்கில்தான் நேரம் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களில் மூதூரின் குளங்களையோ, குச்சவெளியின் காணிகளையோ, இந்தத் துறைமுகத்தையோ பற்றிப் பேசுபவர் முகமன் உரைக்கே பாதி நேரத்தைச் செலவிட்டால் எனக்குப் பதைபதைப்பாக இருக்கும். தயாரித்து வந்து, திகதியும் இலக்கமும் சொல்லி, இன்ன அமைச்சர் இதற்கு விடை தரவேண்டும் என்று கேட்டு அமர்கிறவரே நமக்கு வேண்டியவர்.

4 டிசம்பர் 2024, புதன்

பேத்தியின் பரீட்சை இன்று மீண்டும் தொடங்கிற்று. கொள்கைப் பிரகடனம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது.

அன்றைய அலுவல்களைப் பட்டியலிடும் ஒழுங்குப் பத்திரம் மூன்று மொழிகளிலும் வெளியாகிறது. சபைக்குள் ஒலிவாங்கியில் பேசப்படுவதை உறுப்பினர்கள் காதில் அணியும் கருவியினூடாக உடனுக்குடன் தத்தம் மொழியில் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை எந்தத் தேசிய மொழியிலும் கடமையாற்றும் உரிமையை உறுப்பினருக்கு அளிக்கிறது. ஆனால் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சாட்டில் ஒவ்வொரு பேச்சும் பேசப்பட்ட மொழியிலேயே அச்சாகிறது. பெரும்பாலான அமைச்சர்களின் விடைகள் சிங்களத்தில் இருப்பதால், எங்கள் உறுப்பினர் தமிழில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையைத் தமிழ் மட்டும் தெரிந்த வாசகரால் அங்கே படிக்க முடியாது. உறுப்பினருக்கு உள்ள வசதி அவரை அனுப்பிய வாக்காளருக்கு இல்லை. பத்திரிகைகள் சுருக்கம் தருகின்றன என்பது உண்மை. ஆயினும் அமைச்சர் எதை உறுதியாகச் சொன்னார், எதை "ஆராய்வோம்" என்று விட்டுவைத்தார் என்ற வேறுபாடு சுருக்கத்தில் தப்பிவிடுகிறது. அந்த வேறுபாட்டைக் காப்பதே ஒரு மொழிபெயர்ப்பாளனின் கடமை.

6 டிசம்பர் 2024, வெள்ளி

அடுத்த ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேறியது. வழக்கமாக நவம்பரில் சமர்ப்பிக்கப்படும் வரவு செலவுத் திட்டத்துக்குத் தேர்தல் காரணமாக அவகாசம் இருக்கவில்லை. இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு டிசம்பர் 31உடன் முடிவடைகிறது. அரசாங்க நிதியின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்பதால், ஜனவரிச் செலவுகளுக்குச் சபையின் அனுமதியைப் பெறவேண்டியிருந்தது. என் ஓய்வூதியம், பேத்தியின் ஆசிரியர்களது சம்பளம், ஆஸ்பத்திரியின் மருந்து எல்லாம் இந்த ஒரு பிரேரணையில் தங்கியிருந்தன. தபாலகத்தில் என்னோடு வரிசையில் நின்ற இருவருக்கு இதை விளக்கினேன். அவர்கள் இது பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.

அரசாங்க நிதி பற்றிய குழுவையும் இங்கே குறிப்பிட வேண்டும். நிலையியற் கட்டளை 121இன்படி அதற்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தலைமை தாங்கவேண்டும். 159 ஆசனங்களைக் கொண்ட அரசாங்கத்தின் கணக்கை 66 பேரில் ஒருவர் தலைமையிருந்து ஆராயும் இந்த ஏற்பாட்டை மிகுந்த பெறுமதியுள்ளதாகக் கருதுகிறேன்.

13 டிசம்பர் 2024, வெள்ளி

கலாநிதிப் பட்டம் குறித்து எழுந்த கேள்விகளின் நடுவே சபாநாயகர் அசோக ரன்வல இன்று பதவி விலகினார். பட்டத்தை உறுதிப்படுத்தும் ஆவணங்களை உடனடியாகச் சமர்ப்பிக்க இயலவில்லை என்று அவர் அறிவித்திருக்கிறார். உறுப்பினர் பதவியில் நீடிக்கிறார். மூன்று வாரங்களில் இப்படி நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டது, அதன் பேரில் ஆசனம் காலியானது. அவ்வளவு பெரும்பான்மையுள்ள சபையில் இது நடந்ததை நான் குறித்து வைக்கிறேன்.

17 டிசம்பர் 2024, செவ்வாய்

இன்றைய முதல் அலுவல் சபாநாயகர் தெரிவு. பொலன்னறுவை மாவட்ட உறுப்பினரான வைத்தியர் ஜகத் விக்கிரமரத்ன போட்டியின்றித் தெரிவானார்.

19 டிசம்பர் 2024, வியாழன்

செவ்வாய்க்கிழமை சபையில் சபாநாயகர் தெரிவின்போது சிங்களத்தில் பேசப்பட்டவற்றை இரண்டு இரவுகள் இருந்து தமிழாக்கினேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான்கு பக்கங்கள் வந்தன. பேத்தி தட்டச்சு செய்து தந்ததை இன்று காலை எங்கள் வாசிகசாலையின் அறிவித்தல் பலகையில், நிலையப் பொறுப்பாளரின் அனுமதியுடன் ஒட்டினேன். ஜனவரியில் சபை கூடும்போது எங்கள் நால்வரில் எவர் கேட்கும் வினாவுக்கும் கிடைக்கும் விடையை இவ்வாறே ஒட்டுவதென்று பொறுப்பாளருடன் பேசியிருக்கிறேன்.

மாலையில் போனபோது மீனவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்றாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்த முதற்கோலாசான் எண்டது ஆர்?" என்று கேட்டார். வாக்கெடுப்பு வேளையில் தம் கட்சி உறுப்பினர் அனைவரும் சபையில் இருப்பதை உறுதிசெய்பவர் என்று சொன்னேன். அதை அங்கேயே எழுதிவிட்டால் மற்றவர்களுக்கும் விளங்கும் என்றார். பேனையை எடுத்து, அந்தச் சொல்லின் கீழே கோடிட்டு, பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்.