டிக்கி எழுத்தைக் கழற்றப் போய் பெயிண்டும் சேர்ந்து வந்த கதை

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிவிட்டு, முந்தைய ஓனர் ஒட்டிவைத்த குரோம் எழுத்து, பட்டை, பீடிங் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள். கழற்றும் வேலை பெரிதில்லை. அதற்கு அடியில் இருப்பது கம்பெனி பெயிண்டா, ரீபெயிண்டா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்கு வந்த அலைச்சலும் செலவும் வாக்குவாதமும் அந்த ஒன்றால்தான்.

வண்டி சில்வர் ஸ்விஃப்ட். கதவு நடுவில் உரசாமல் இருக்க ஒட்டும் கறுப்பு பீடிங், கீழ் விளிம்பில் குரோம் பட்டை, டிக்கியில் ஷோரூம் பெயர், அதன் பக்கத்தில் எங்கோ வாங்கி ஒட்டிய ஒரு சிவப்பு எழுத்து. அழகுக்காக மட்டும் நான் இவற்றை எடுக்க நினைக்கவில்லை. மழை பெய்த மறுநாள் கீழ்ப் பட்டையின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்திருந்தது. சென்னையில் கடற்காற்று படுகிற இடத்தில் வண்டி நிற்கிறது. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் மண்ணும் ஈரமும் தங்கினால் துரு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே தெரியும்போது தகடே ஓட்டையாகியிருக்கும்.

முதலில் ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குத்தான் போனேன். தினமும் ஒட்டுகிறவர்களுக்குக் கழற்றவும் தெரியும் என்ற நம்பிக்கை. “அஞ்சு நிமிஷ வேலை சார்” என்றார் கடைக்காரர். சூடு காட்டவில்லை, தண்ணீர்கூட ஊற்றவில்லை. அங்கே வேலை செய்த தம்பி பள்ளம் அடைக்கும் பட்டியைப் பூசும் தகட்டை எடுத்துவந்து பட்டைக்கு அடியில் சொருகி நெம்பினார். நான் “நிறுத்துங்க” என்று கத்துவதற்குள் பின்கதவின் கீழ் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிற ஆழம். உள்ளே அடிப்பூச்சான சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. கேட்டதற்கு “பழைய வண்டி சார், பெயிண்ட் அப்படித்தான் வரும்” என்று பதில். அதோடு கழற்றும் கூலியும் கேட்டார். கொடுக்கவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எந்தக் கடையானாலும் சரி, எதை வைத்துக் கழற்றப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கையில் ஸ்க்ரூடிரைவரோ தகடோ இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மிச்சத்தை வீட்டிலேயே கழற்றினேன். வண்டியை நன்றாகக் கழுவி நிழலில் நிறுத்தியாயிற்று. ஒட்டுகிற எழுத்து, பட்டை எல்லாமே இருபக்கமும் பசை உள்ள ஃபோம் டேப்பில்தான் நிற்கும். தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரே அதற்குப் போதும். கை வைத்தால் பொறுக்க முடிகிற சூடுவரை காட்டினால் டேப் இளகிவிடும். ஹீட் கன் வேண்டாம், கொஞ்சம் அசந்தால் பெயிண்ட் கொப்பளித்துவிடும். அப்புறம் மீன் பிடிக்கும் நைலான் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, எழுத்துக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். கறுப்பு ஃபோம் துகள்துகளாக உதிரும். நரம்பு பாடியோடு ஒட்டிப் போகாமல் எழுத்தின் பக்கமாக அழுத்தியே போகட்டும். கை வலிக்கும், அவசரப்படக் கூடாது. கதவு பீடிங் நாலும் இப்படிச் சுத்தமாக வந்துவிட்டன.

எல்லாமே பசையில்தான் நிற்கிறது என்று நினைத்துவிடவும் வேண்டாம். சில வண்டிகளில் லோகோவுக்குப் பின்னால் பின் இருக்கும், தகட்டில் அதற்கு ஓட்டை இருக்கும். நம்பர் பிளேட்டுக்கு மேலே வரும் அகலப் பட்டை பெரும்பாலும் உள்ளேயிருந்து நட்டும் கிளிப்பும் போட்டு மாட்டியது. டிக்கியின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டை இருந்தால் எழுத்தை எடுத்த பிறகு அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். மூடுவதற்கு பட்டி, பெயிண்ட் வேலை ஆகிவிடும். அப்படிப்பட்ட லோகோவை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

மிஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தேன். போகாததற்கு டபிள்யூடி-40 தெளித்து ஊறவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்தேன். கடைசியாக ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். “தின்னர் போட்டா உடனே போயிடும்” என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கம்பெனி பெயிண்ட் ஓரளவு தாங்கினாலும், மலிவாக ரீபெயிண்ட் செய்த இடத்தில் தின்னர் பட்டால் பெயிண்ட் கரைந்து துணியோடு வந்துவிடும்.

அடுத்தது டிக்கி. அதே சூடு, அதே நரம்பு. ஷோரூம் பெயரின் முதல் எழுத்து வரும்போதே, அதோடு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டும் உரிந்து வந்தது. உரிந்த துண்டின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது. அடியில் இன்னொரு சில்வர், பளபளப்பு குறையாமல் அப்படியே இருந்தது. பழைய பெயிண்டைத் தேய்க்காமலேயே மேலே அடித்திருக்கிறார்கள். தேய்த்தால்தானே புதுப் பெயிண்ட் பிடிக்கும்?

வண்டி வாங்கும்போது “எங்கேயாவது ரீபெயிண்ட் உண்டா?” என்று கேட்டேன். “ஒரு பேனல்கூடத் தொடலை சார்” என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். போன் செய்தபோது, தனக்கும் தெரியாது என்று வைத்துவிட்டார்.

வாயால் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள். டெயில் லைட் ஓரம், ரப்பர் பீடிங்கின் அடி இவற்றில் பெயிண்ட் தூறல் படிந்திருக்கிறதா? டிக்கி கீல் போல்ட்டின் முனைகளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா? வெயிலில் சாய்ந்து பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி தெரிகிறதா? ஃப்ரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணி சுற்றி வைத்துப் பாருங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிக்காது. பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். அதைவிட இரண்டு மடங்கு காட்டினால் மேலே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கதவுகளில் பெயிண்ட் தப்பித்தாலும் பீடிங் இருந்த இடம் நிழல் விழுந்த மாதிரி தெரிந்தது. வெயில் படாத இடம் புதுசாகவே இருக்கிறது, சுற்றியுள்ளது மங்கிவிட்டது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுக் கையாலேயே தேய்த்ததில் முக்கால்வாசி மறைந்தது. மிச்சத்தையும் எடுத்தே தீருவேன் என்று தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான 2000 நம்பர் வாட்டர் பேப்பரை எடுக்காதீர்கள். மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். அது தேய்ந்துவிட்டால் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது.

டிக்கிக்கும் கீறல் விழுந்த கதவுக்கும் பெயிண்டரைத் தேடி அலைந்தேன். ஒரு இடத்தில் பம்பரோடு பின்பக்கம் முழுக்க அடிக்கச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் “இடிச்சுட்டாங்கன்னு கிளெய்ம் போட்டுடலாம் சார்” என்றார்கள். நடக்காத விபத்தை நடந்ததாக எழுதிக் கொடுப்பது மோசடி. தானாக உரிந்த பெயிண்டுக்கு இன்சூரன்ஸும் கிடையாது. கணக்குப் பார்த்தாலும் நஷ்டம்தான். என் பழைய வண்டியிலிருந்து கொண்டுவந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். அது போக 1500 சிசி வரையுள்ள காருக்கு கிளெய்ம் தொகையில் முதல் 1000 ரூபாய் எப்படியும் நம் கையைக் கடிக்கும்.

முதலில் டிக்கிக்கு மட்டும் மூன்றாவது இடத்தில் விட்டேன். வேலை முடிந்தது என்று இருட்டிய பிறகு கூப்பிட்டார்கள். டியூப் லைட்டில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. “காலையில் வெயிலில் பார்த்துவிட்டு எடுக்கிறேன்” என்று பாக்கிப் பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். காலையில் பார்த்தால் டிக்கி ஒரு நிறம், பக்கவாட்டு இன்னொரு நிறம். “சில்வர்னா அப்படித்தான் சார்” என்று வாதாடினார்கள். சில்வர் கடினம் என்பது உண்மைதான். அதில் இருக்கும் அலுமினியத் துகள் படிகிற விதம், பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியின் காற்றழுத்தம், எவ்வளவு தூரத்திலிருந்து அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். நேராகப் பார்த்தால் சேர்ந்திருப்பது சாய்ந்து பார்த்தால் சேராது. அதனால்தான் முதலில் ஒரு அட்டையில் அடித்து, காயவைத்து, வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதை அவர்கள் செய்யவே இல்லை. பேசிப் பேசி, பெயிண்ட் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவந்தேன்.

கடைசியில் கை கொடுத்தவர் ஒரு வயதான பெயிண்டர். “கலர் கோடு என்ன தம்பி?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி. வண்டியில் அந்தக் கோடு போட்டிருக்கும் தகட்டைப் பார்த்து, இசட்2எஸ், சில்க்கி சில்வர் என்று சொன்னேன். “கோடு சரிதான். ஆனா வண்டி வெயில்ல நின்னிருக்கு, அப்படியே அடிச்சா நிறம் சேராது” என்று சொல்லி, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அட்டை அட்டையாக அடித்தார். ஒவ்வொன்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து டெயில் லைட் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். டிக்கியில் ஒட்டாமல் கிடந்த பழைய பூச்சை முழுக்க இறக்கி, பிரைமரிலிருந்து ஆரம்பித்தார். கதவின் கீழ் விளிம்பில் துருவைச் சுரண்டி, கீறலையும் அதோடு சேர்த்து, கலரை மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிறத்தோடு கலக்கவிட்டு, கிளியரை மட்டும் கதவு முழுக்க அடித்தார். நல்ல வெயிலில் நானும் என் அண்ணனும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்ட பணத்தைச் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

புதுப் பெயிண்ட் மேல் ஒரு மாதமாவது மெழுகு போடாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் ஆவி வெளியேற வேண்டும். மீந்த பெயிண்டைக் கேட்டு வாங்கி, சின்னப் பாட்டிலில் இறுக மூடி, கலர் கோடும் தேதியும் எழுதி வையுங்கள். அது உங்கள் வண்டிக்கென்றே கலந்த நிறம், கடையில் கிடைக்காது.