மொய் நோட்டும் சார்பும்

சென்ற மாதம் ஒரு மாலை, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணக்கு நோட்டோடு என் அருகில் வந்து அமர்ந்தாள். எல்லை (லிமிட்) காணும் கணக்கு. "இந்தச் சார்பின் சார்பகத்தில் 2 கிடையாது, அதைக் கவனி" என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இது எந்தப் பாடம்?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. ஃபங்ஷன், டொமைன் என்று ஆங்கிலத்தில் படிப்பவள், உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது.

தில்லிக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. மயூர் விஹாரின் குளிரும் காய்கறி வண்டிக்காரரின் இந்தியும் பழகிவிட்டன என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் தென்காசிப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழில் கணக்குப் படித்த எனக்கு, இன்றும் ஒரு வளைவரையைக் கண்டால் தமிழ்ச் சொல்தான் முதலில் வருகிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் நுண்கணிதத்துக்கு (கால்குலஸ்) முந்தைய படிகளைத் தனிப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். இங்கே சார்பு, முக்கோணவியல், தொடர்கள், கூம்பு வெட்டு எல்லாம் பதினோராம் வகுப்புப் புத்தகத்திலேயே வந்து, அதே ஆண்டில் எல்லையும் வகையிடலும் தொடங்கிவிடுகின்றன. பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் அந்த முந்தைய படிகளில்தான் என்பது என் எண்ணம். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்து, எக்ஸ் கழித்தல் 2-ஆல் வகுக்கும் சார்பில் 2-ஐ நேரே இட்டால் சுழியின் கீழ் சுழிதான் மிஞ்சும். காரணிப்படுத்தத் தெரிந்தவர்களுக்கே அது எக்ஸ் கூட்டல் 2 என்று சுருங்கி, எல்லை 4 என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சார்பு. ஒன்றன் மதிப்பு மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. எங்கள் கணக்கு ஆசிரியர் அதை மொய் நோட்டைக் கொண்டு விளக்கினார். பெயர்கள் சார்பகம், எழுதப்பட்ட தொகைகள் வீச்சகம். இரண்டு பேர் ஒரே தொகை எழுதலாம். ஆனால் ஒருவர் பெயருக்கு எதிரே இரண்டு தொகை இருக்கக் கூடாது. ஊரும் தகப்பனார் பெயரும் சேர்த்து எழுதுவது, ஒரே பெயருடைய இருவர் கலந்துவிடாமல் இருக்கத்தான். என் அண்ணன் திருமணத்தில் பந்தல் வாசலில் மேசை போட்டு, மொய் எழுதியவரும் அந்த ஆசிரியரே. சந்தனக் கிண்ணத்துக்கும் சில்லறைத் தட்டுக்கும் நடுவில் அவர் குனிந்து எழுதிய கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதையே மகளுக்குச் சொன்னேன். "மொய் நோட்டு என்றால் என்ன?" என்றாள். அவள் கண்ட தில்லித் திருமணங்களில் மூடிய உறையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அவள் பார்வையில் படும்படி யாரும் எழுதி வைத்ததில்லை. சார்பை விளக்க எடுத்த உவமைக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இரவு அண்ணனை அழைத்துக் கேட்டேன். பரணில் கிடந்த நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அதே சாய்ந்த கையெழுத்து. முதல் வரியில் தாய்மாமன், 1001. அதற்குக் கீழே மூன்று பேர் 51 எழுதியிருந்தார்கள். மகள் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"51 என்று மட்டும் சொன்னால் யாரென்று கண்டுபிடிக்க முடியாதே. அப்படியானால் இதைத் திருப்பிப் படிக்கும் இன்வெர்ஸ் சார்பு கிடையாது, அம்மா" என்றாள்.