லாக் அளவு வேறு, உள்ளே விடும் கப்பலின் அளவு வேறு: பிரிட்டிஷ் டாக் ஒன்றில் அனுமதி வாங்கிய அனுபவம்

லண்டனில் சரக்குக் கப்பல் நிறுவனமொன்றின் இயக்கப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கால்நடைத் தீவனம் ஏற்றி வந்த எங்கள் கப்பலை, லாக் (நீர்மட்டத்தைச் சமன்செய்து கப்பலை உள்ளே விடும், இருமுனையும் கதவுள்ள நீர்த்தொட்டி) கதவுகளைக் கடந்து செல்ல வேண்டிய பிரிட்டிஷ் டாக் (கப்பல்கள் சரக்கு ஏற்றி இறக்கும் அடைப்பு நீர்ப்பகுதி) ஒன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எந்தத் துறைமுகம் என்பதை எழுதப் போவதில்லை. கீழே பெயரோடு வரும் துறைமுகங்களில் எதுவும் அதுவன்று. கப்பல் சுமார் 28,000 டன் தாங்கும் வகையைச் சேர்ந்தது. நீளம் 169 மீட்டர், அகலம் 27.2 மீட்டர், வந்து சேரும்போது டிராஃப்ட் (நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்) ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர்.

துறைமுகத்தில் எங்கள் வேலைகளைக் கவனிக்கும் ஏஜென்டின் நியமனம், முன்பணம், சுங்கத் தகவல்கள் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. சிக்கல் ஏஜென்ட் அனுப்பிய டாக் விவரத் தாளில் தொடங்கியது. தேதியில்லாத நகல் அது. பாதி அளவுகள் அடியிலும் பாதி மீட்டரிலும் இருந்தன. லாக்கின் நீளம், லாக்கின் அகலம், லாக் வாயிலின் அடியிலுள்ள வாயிற்படியின் மேல் நிற்கும் நீரின் ஆழம், டாக்கின் பரப்பு இத்தனை ஏக்கர் என்று வரிசையாக எழுதியிருந்தவர்கள், எவ்வளவு பெரிய கப்பலை உள்ளே விடுவார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. (ஏக்கர் கணக்கை இன்னும் யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள இம்மிங்ஹாம் டாக் 45 ஏக்கர் என்று தெரிந்துகொண்டு ஒரு மாலுமி என்ன செய்வார்? கப்பலைத் திருப்புவதற்கு எவ்வளவு வட்டம் கிடைக்கும் என்பதல்லவா அவருக்கு வேண்டும்!)

லாக்கின் அளவுக்கும் உள்ளே விடும் கப்பலின் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்களுக்கு இம்மிங்ஹாமே நல்ல எடுத்துக்காட்டு. 1912-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த அந்த டாக்கின் லாக் 90 அடி, அதாவது 27.4 மீட்டர் அகலம் உடையது. ஆனால் உள்ளே அனுமதிக்கும் கப்பலின் அகலம் 26.2 மீட்டர்தான். எங்கள் கப்பல் கணக்குப்படி அந்த லாக்கில் நுழையும், விதிப்படி நுழையாது. பிரிட்டனின் லாக்குகளில் மிகப் பெரியதான பிரிஸ்டலின் ராயல் போர்ட்பரி டாக்கிலும் 290 மீட்டர் நீளம், 41 மீட்டர் அகலம், 14.5 மீட்டர் டிராஃப்ட் என்று கப்பலுக்கான வரம்பைத் தனியாகவே சொல்கிறார்கள். கப்பல் உள்ளே நகரும்போது சுற்றியுள்ள நீர் பின்னால் வழிந்து வெளியேற இடம் வேண்டும், பக்கச் சுவருக்கும் கப்பலுக்கும் நடுவில் உராய்வைத் தாங்கும் ஃபெண்டர் வேண்டும், காற்று தள்ளினால் சமாளிக்க வேண்டும். இப்படி விடும் இடைவெளி ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், லாக் அகலத்தை வைத்து யாரும் ஊகிக்க முடியாது.

ஆகவே ஏஜென்டிடம் ஏற்கும் கப்பலின் உச்ச அளவைக் கேட்டேன். அவர் துறைமுகத்தின் கடல்சார் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். அங்கே தொலைபேசியை எடுத்த எழுத்தர், “எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறதே” என்றார். இல்லை என்று வரிவரியாகப் படித்துக் காட்டியதும், “அதை ஹார்பர் மாஸ்டர் அன்றன்று முடிவு செய்வார்” என்று தொலைபேசியை வைத்துவிட்டார். (ஹார்பர் மாஸ்டர் என்பவர் துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகாரி.) பத்தாயிரக்கணக்கான டன் சரக்கோடு கப்பல் கடலில் வந்துகொண்டிருக்கும்போது ‘அன்றன்று’ என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மீண்டும் மீண்டும் எழுதிய பிறகு, எழுத்தரைத் தாண்டி ஹார்பர் மாஸ்டரின் உதவியாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் அன்று மாலையே பதில் தந்தார். இதை முதலிலேயே செய்ய ஏஜென்ட் விடவில்லை என்பதுதான் என் குறை. உங்கள் ஏஜென்ட் எவ்வளவு முகம் சுளித்தாலும், அனுமதி அளவை ஹார்பர் மாஸ்டர் அலுவலகத்தின் எழுத்தில், உங்கள் கப்பலின் பெயரும் வருகைத் தேதியும் குறிப்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிலில் இரண்டு வெடிகள் இருந்தன. அனுமதிக்கும் அகலத்துக்கும் எங்கள் கப்பலின் அகலத்துக்கும் இடையே கையகலம்தான் மிச்சம் இருந்ததால், பிரிட்ஜின் (கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தின்) இறக்கைகள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். டன்னேஜ் சான்றிதழ் போதாது. அதில் இருப்பது உடற்கட்டின் அகலம், வெளிப்புறத் துருத்தல்கள் அதில் வராது. பொது அமைப்பு வரைபடம், அதாவது ஜி.ஏ. பிளான், வேண்டும் என்றார்கள். எங்கள் அலுவலகக் கோப்பில் அதன் முதல் பக்கம் மட்டும் இருந்தது. கப்பல் கைமாறியபோது மற்றவை எங்கே போயின என்று பழைய உரிமையாளருக்கும் தெரியவில்லை. கடைசியில் கேப்டன்தான் வழி சொன்னார்: பெரும்பாலான கப்பல்களைப் போலவே எங்கள் கப்பலிலும், தங்குமிட நடைபாதைச் சுவரில் அந்த வரைபடம் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. மூன்றாம் அதிகாரி சட்டத்தைக் கழற்றி மெஸ் மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் காபிக் கோப்பைகளை வைத்துத் துண்டு துண்டாகப் படமெடுத்து அனுப்பினார். ஒரு படத்தின் ஓரத்தில் கோப்பையின் வட்டக் கறைகூட விழுந்திருந்தது. ஹார்பர் மாஸ்டர் அலுவலகம் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது வெடி ஆழம். ஏஜென்டின் தாளில் வாயிற்படியின் மேல் இத்தனை மீட்டர் என்று ஒரே எண் இருந்தது. அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய கடல் ஏற்றத்துக்கான எண்; எங்கள் கப்பல் வந்து சேர இருந்ததோ அஷ்டமியை ஒட்டிய சிறிய ஏற்றத்தில். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பிரிட்டனில் சாதாரணமானது அன்று. லிவர்பூலில் பெரிய ஏற்றத்தின் சராசரி உயர நீர்மட்டம் வரைபடத் தளத்திலிருந்து (கடல் வரைபடத்தில் ஆழங்களை அளக்கத் தொடங்கும் மட்டம்) 9 மீட்டருக்கு மேல் போகும்போது, சிறிய ஏற்றத்தில் அது ஏழரை மீட்டர் அளவில் நின்றுவிடும். பிரிஸ்டலை அடுத்த ஏவன்மவுத்தில் 13 மீட்டருக்கு மேல் ஒரு வாரம், 10 மீட்டருக்கும் குறைவாக அடுத்த வாரம். ஆகவே ஆழம் என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும், எந்த ஏற்றத்துக்கு, எந்தத் தளத்திலிருந்து அளந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் சரக்கின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: டாக் நீரின் அடர்த்தி. ஆற்று நீர் கலந்த டாக்கில் கப்பல் கடலில் இருந்ததைவிட ஆழமாக இறங்கும். நன்னீரில் 220 மில்லிமீட்டர் கூடுதலாக மூழ்கும் கப்பல், அடர்த்தி 1.010 உள்ள நீரில் ஏறத்தாழ 132 மில்லிமீட்டர் கூடுதலாக மூழ்கும். வாயிற்படியின் மேல் அரை மீட்டர் இடைவெளிக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது 13 சென்டிமீட்டர் சிறிய விஷயமன்று. எழுத்தரிடம் அடர்த்தியைக் கேட்டதற்கு “கிட்டத்தட்ட நன்னீர்தான்” என்ற பதில் வந்தது. கப்பலின் டிராஃப்டை அளந்து சரக்கின் எடையைக் கணக்கிடும் உள்ளூர் டிராஃப்ட் சர்வேயர் ஒருவர்தான் ஒழுங்கான எண்ணைத் தந்தார். அவரை டாக் வாசலில் சந்திப்பதற்கு முன்பே தொலைபேசியில் பிடித்துவிடுவது நல்லது.

நூறாண்டுக்கு முன் நிலக்கரிக் கப்பல்களையும் அன்றைய பெருங்கப்பல்களையும் மனத்தில் வைத்துக் கட்டிய வாயில்களோடு இன்றைய கப்பல்கள் மல்லுக்கட்டுவதால்தான் இத்தனை பாடும். மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் மேல் லாக்குகள் 65 அடி அகலத்தோடு 1894-இல் திறந்தபடியே இருக்கின்றன. அதே கால்வாயின் மேல்முனையிலிருந்த சால்ஃபர்டு டாக்குகள் 1982-இல் மூடியேவிட்டன. லாக்கை அகலப்படுத்துவதைவிட வெளியே கட்டுவது எளிது என்று கண்டவர்கள் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார்கள்: இம்மிங்ஹாமில் 2000-ஆம் ஆண்டு ஹம்பர் இன்டர்நேஷனல் டெர்மினல், தேம்ஸில் 2013-இல் லண்டன் கேட்வே, மெர்சியில் 2016-இல் லிவர்பூல்-2. உங்கள் சரக்குக்கு அப்படியொரு வெளிப்புற பெர்த் (கப்பலைக் கட்டும் இடம்) கிடைக்குமானால், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கப்பல் நங்கூரமிட்டு அடுத்த பெரிய ஏற்றத்துக்குக் காத்திருந்தது. பகல் வெளிச்சத்தில் மட்டும், இழுவைப் படகுகளோடு, காற்று வரம்புக்குள் இருந்தால் மட்டும் என்ற நிபந்தனைகளோடு உள்ளே போனது. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறியது முதல் பெர்த்தில் கட்டியது வரை குறையொன்றும் இல்லை.

காத்திருந்த நாட்கள் யார் கணக்கில் என்ற சண்டை அதன் பிறகு வந்தது. வரும் டிராஃப்டுக்கு ஏற்ற துறைமுகத்தைச் சொல்ல வேண்டியது கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. தாங்கள் சரியாகத்தான் சொன்னோம் என்று அவர்கள் நீட்டியது அதே தேதியில்லாத தாளை. நாங்கள் ஹார்பர் மாஸ்டர் அலுவலகத்தின் மின்னஞ்சலை அனுப்பினோம். அந்தத் தேதியின் ஏற்றத்தில் எவ்வளவு டிராஃப்ட் அனுமதிக்கப்படும் என்று அதில் எண்ணாகவே இருந்தது. டெமரேஜ் தொகையில் (தாமதத்துக்கான இழப்பீட்டில்) சிறு தள்ளுபடி கேட்டார்கள், கொடுக்கவில்லை. முழுத் தொகையும் சென்ற வாரம் வந்து சேர்ந்தது.