பத்மினியின் பின்கதவு பீடிங் நிமிர்ந்தது, ஃபெண்டர் துண்டு மட்டும் முரண்டு பிடிக்கிறது

பின்கதவு பீடிங், அதாவது கதவின் நீளத்துக்கு ஓடும் பளபளப்பான உலோகப் பட்டை, ஒருவழியாக நிமிர்ந்துவிட்டது. டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தால் வெளிச்சக் கோடு எங்கும் நெளியாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுகிறது. வண்டி 1978 பிரீமியர் பத்மினி கார். எந்த மகராசனோ பைக் ஹேண்டில்பாரால் உரசிவிட்டுப் போனதில் பின்கதவிலும் அதையொட்டி சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டரிலும் பட்டை அமுங்கிக் கிடந்தது. பெயிண்டுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அடியை எல்லாம் பீடிங்கே வாங்கிக்கொண்டது.

"புதுசு வாங்கி மாட்டிட்டுப் போங்க தம்பி" என்றார் டிங்கர் அண்ணன். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடினால் கையில் எடுத்ததுமே வளைகிற மெல்லிய தகடுதான் கிடைக்கிறது. வளைவும் சேராது, முன்கதவுப் பட்டையோடு ஒரே மட்டத்திலும் நிற்காது. ஒரிஜினல் துண்டு வைத்திருப்பவர்களோ யானை விலை, குதிரை விலை சொல்கிறார்கள். மும்பை குர்லா தொழிற்சாலையில் இந்தக் காரின் உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

என் வண்டியில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் ஒட்டுகிறதே என்று சந்தேகப்பட வேண்டாம், 430 ரகத்தில் ஒட்டும். உங்களுடையது அனோடைஸ் செய்த (மின்சாரம் பாய்ச்சிப் பூச்சு ஏற்றிய) அலுமினியம் என்றால் வழி வேறு. முதலில் அந்தப் பூச்சை எடுத்தாக வேண்டும்.

கழற்றுகிற கதையை விட்டுவிடுகிறேன். பள்ளத்தை உள்பக்கமிருந்து தட்டி வெளியே தள்ளுகிற உளியில்தான் தலைவலி. பட்டையின் இரண்டு ஓரமும் உள்பக்கம் மடிந்திருப்பதால் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாது, கடையில் விற்கும் டாலி (தகட்டுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டை) எதுவும் உதவாது. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையை கிரைண்டரில் மழுக்கி உருட்டினேன். அதோடு விட்டால் போதாது. 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வரை தேய்த்து, பஃப்பிங் சோப்பு போட்டு, முனையில் முகம் தெரிகிற அளவுக்கு பளபளப்பாக்க வேண்டும். முனையில் ஒரே ஒரு கீறல் மிச்சம் இருந்தாலும் ஒவ்வொரு தட்டுக்கும் அது தகட்டில் பதியும், நல்ல பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழும். பட்டையை நிமிர்த்தியதைவிட இந்த முனைக்குத்தான் அதிக நேரம் போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, இப்போது என் பெட்டியிலேயே அழகான சாமான் அதுதான்.

அடியில் வைக்கப் புளியங்கட்டை. கறிக்கடைக்காரர்கள் அதைத் தேடி வாங்குவது சும்மா இல்லை. பட்டையின் வெளிவளைவு அப்படியே உட்காரும்படி அரத்தால் குடைந்துகொண்டேன். மென்மையான மரம் என்றால் நாலு தட்டிலேயே குழி விழும். இரும்பின் மேல் வைத்துத் தட்டினால் தகடு நசுங்கி விரியும். விரிந்த தகடு போக இடமில்லாமல் உப்பிக்கொள்ளும், அப்புறம் விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பள்ளத்தின் நடுவில் நேராகத் தட்டாமல் விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். சின்ன சுத்தி, மணிக்கட்டு மட்டும் அசைந்தால் போதும். இதில் கண்ணைவிட காதுதான் உதவியது. தகடு கட்டையில் படியாத இடத்தில் தட்டினால் வெறுமையான சத்தம், படிந்ததும் கட்டையின் சத்தம். அந்த இரண்டாவது சத்தம் வந்த இடத்தில் அதற்குமேல் ஒரு தட்டுகூட வேண்டாம்.

பிறகு மார்க்கரால் முழுவதும் பூசி, நைஸ் அரத்தை லேசாக ஓட்டினால் மை மிஞ்சுகிற இடமெல்லாம் இன்னும் பள்ளம். திரும்பப் பின்பக்கம், திரும்ப அரம். மை மிஞ்சாத நிலை வந்ததும் 320 பேப்பரில் தொடங்கி 2000 வரை. பளபளப்பேற்றும் பஃப் வீலில் பிடிக்கும்போது பட்டையை ஒரு ரீப்பர் கட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். வீல் ஓரத்தைக் கவ்வினால் கையிலிருந்து பிடுங்கிச் சுருட்டி எறிந்துவிடும்.

ஃபெண்டர் துண்டுதான் அடங்க மாட்டேன் என்கிறது. அங்கே வெறும் பள்ளம் இல்லை, தகடு மடிந்தே போயிருக்கிறது. மடிந்த இடம் இறுகிவிட்டதால் எவ்வளவு தட்டினாலும் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது. சூடு காட்டச் சொன்னார்கள். ஸ்டீலில் நீல நிறம் ஏறிவிடும் என்பதால் நான் தயாரில்லை. உள்வளைவுக்கு ஏற்ற மர ஆப்பு ஒன்று செதுக்கி, ஓரங்களை விரித்துக்கொண்டு உள்ளே செலுத்திப் பார்க்கப் போகிறேன்.

இதற்கிடையே பட்டையை மாட்டும் கிளிப்புகளுக்கான ஓட்டைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பட்டைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றித் துருவாக்கி வைத்திருக்கிறது. சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, ரப்பர் வாஷர் போட்டுத்தான் கிளிப் ஏற்ற வேண்டும்.

பம்பரையும் கழற்றி வைத்துவிட்டேன். பிளேட்டிங் விசாரித்த இடத்தில் செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் போடுவீர்களா என்று கேட்டேன். "ஷைனிங் வரும் சார்" என்றார். எத்தனை பூச்சு என்று மறுபடி கேட்டேன். "நல்ல ஷைனிங் வரும் சார்." வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.