அப்டேட்டுக்கு அப்புறம் பிடிஎஃப் எல்லாம் பிரவுசர்ல திறக்குதா? பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க

ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், விண்டோஸ் 11 சிஸ்டம். போன வாரம் ராத்திரி ஏதோ அப்டேட் ஓடி ரீஸ்டார்ட் ஆகியிருக்கு, காலைல கடை திறந்ததுமே கூட்டம், பிடிஎஃப் ஐகான் மாறியிருந்ததை நான் கவனிக்கவே இல்ல. வழக்கமா வர்ற இன்ஜினியர் தம்பி வீட்டு பிளான் கொண்டு வந்தார், 1:100, ஏ3ல 6 செட். டபுள் கிளிக் பண்ணேன், பிரவுசர்ல திறந்துச்சு, அவசரத்துல அப்படியே பிரிண்ட் குடுத்துட்டேன். அவர் ஸ்கேலை வச்சு அளந்துட்டு, "அண்ணே, 10 மீட்டர் சுவர் 10 சென்டிமீட்டர் வரணும், இதுல 9.6 தான் இருக்கு"ன்னார். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. என் பிடிஎஃப் ரீடர்ல 'ஆக்சுவல் சைஸ்' போட்டு வச்சிருந்தேன், பிரவுசர் பேப்பருக்குள்ள அடங்கற மாதிரி சுருக்கி அடிச்சிருக்கு. 6 செட்டும் குப்பைக்கு.

ரீடரை அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணேன், ஒரு மணி நேரம் போச்சு, அப்பவும் பிரவுசர்தான் திறக்குது. ஒரு வீடியோ பாத்து விண்டோஸ் தன் செட்டிங்கெல்லாம் எழுதி வச்சிருக்கிற ரிஜிஸ்ட்ரில, எந்த ஃபைலை எந்த ஆப் திறக்கணும்னு இருக்கிற 'யூசர் சாய்ஸ்'ல கை வச்சேன், டீஃபால்ட் ரீசெட் ஆயிடுச்சுன்னு நோட்டிஃபிகேஷன் வந்து பழையபடியே நிக்குது. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, அங்க விண்டோஸ்காரன் 'ஹேஷ்'னு ஒரு சரிபாக்கற கோடு சேத்து வச்சிருக்கான், நாம கையால மாத்தினா அது ஒத்துப் போகாது, சிஸ்டம் தூக்கிப் போட்டுரும்.

கடைசில வேலை செஞ்சது ரொம்ப சின்ன விஷயம். ஃபைல் மேல ரைட் கிளிக், 'ஓபன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', ரீடரைத் தொட்டுட்டு கீழ 'ஆல்வேஸ்'. பக்கத்துலயே 'ஜஸ்ட் ஒன்ஸ்' இருக்கும், அதை அமுக்கினா அந்த ஒரு தடவைதான், அடுத்த ஃபைல் திரும்ப பிரவுசருக்கே போயிரும். லிஸ்ட்ல ரீடர் பேரே இல்லன்னா கீழ 'சூஸ் அன் ஆப் ஆன் யுவர் பிசி'ல போய் எடுத்துக்கலாம்.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா, மெயில்ல வர்ற பிடிஎஃப் மட்டும் இன்னும் பிரவுசர்லயே திறந்துச்சு. அது வேற செட்டிங், பிரவுசருக்குள்ளயே இருக்கு, பிடிஎஃப்னு தேடி எப்பவும் டவுன்லோட் பண்ற மாதிரி மாத்தி விடணும்.

ஐகான் பழசுக்கு வந்ததும் அந்த பிளானை ஒரே ஒரு ஷீட் அடிச்சு நானே ஸ்கேல் வச்சுப் பாத்தேன். சரியா 10. அப்புறம்தான் தம்பிக்கு ஃபோன் போட்டு, காசு வேண்டாம், வந்து 6 செட்டும் வாங்கிட்டுப் போங்கன்னு சொன்னேன்.