பெயரை விட்டு நிலத்தைப் பிடித்தேன்: குவிடிர் வின் குடும்பத்தின் கொடிவழி, இதுவரை

வட வேல்ஸில் கான்வி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது குவிடிர் மாளிகை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கில் செல்வாக்கோடு வாழ்ந்த வின் குடும்பத்தின் வீடு அது. இந்தக் குடும்பத்தின் கொடிவழியைப் பழைய ஆவணங்களைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சரிபார்த்து வருகிறேன். நேர்வழி ஓரளவு தேறிவிட்டது. இப்போது 1674இல், கிளை பிரியும் இடத்தில் நிற்கிறேன். இதே போல ஒரு வேல்ஸ் குடும்பத்தைத் தேட நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் சிக்கல் பெயர். அக்கால வேல்ஸில் நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு அந்த முறை சட்டென்று புரிந்துவிடும். ராபர்ட்டின் மகன் யேயன். அவர் மகன் மரெடித், முழுப் பெயர் ‘மரெடித் அப் யேயன் அப் ராபர்ட்’; ‘அப்’ என்றால் மகன். அவர் மகன் ஜான் வின் அப் மரெடித். ‘வின்’ அவருடைய அடைமொழி. அவர் பிள்ளைகள் காலத்தில்தான் அது குடும்பப் பெயராக உறைகிறது. அதிலும் ஒருமைப்பாடு இல்லை. ஜான் வின்னின் பிள்ளைகளிலேயே மோரிஸ் ‘வின்’ என்றும், ஜான் ‘க்வின்’ என்றும் ஆவணங்களில் நிற்கிறார்கள். பெயரைத் தேடுபெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தால் ஊரில் பாதிப் பேர் வந்து விழுவார்கள். ஆகவே பெயரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, எந்த நிலம் யார் கைக்குப் போனது என்பதை முதலில் எழுதத் தொடங்கினேன். அதன் பிறகுதான் வேலை நகர்ந்தது.

தொடக்கப் புள்ளியாக ஓர் அபூர்வமான நூல் இருக்கிறது. மோரிஸின் மகன் சர் ஜான் வின் (1553–1627) தன் குடும்ப வரலாற்றைத் தானே எழுதி வைத்தார். 1770இல் அது முதன்முதலாக அச்சேறியது. தன் வம்சத்தை 12ஆம் நூற்றாண்டு அரசர் ஓவைன் க்வினெத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். எனக்கு அந்த நூல் மிகவும் பிடிக்கும். ஆனால் எழுதியவர் வழக்காடுவதில் தேர்ந்த நிலக்கிழார் என்பதையும் மறக்கக் கூடாது. உயர்ந்த வம்சம் என்பது அன்று சொத்துக்கும் மதிப்புக்கும் ஆதாரம். அதனால் அவர் சொல்லும் ஒவ்வொரு உறவையும் அவர் கை படாத இன்னோர் ஆவணத்தில் பார்த்த பிறகே மரத்தில் ஏற்றுகிறேன்.

மரெடித் விஷயத்தில் சர் ஜான் சொல்வது பெரும்பாலும் நிற்கிறது. சொந்த ஊரான எய்வியோனித்தில் பங்காளிச் சண்டை. அங்கேயே இருந்தால் உறவினரைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கையால் சாக வேண்டும் என்று சொல்லி, கொள்ளையர் நடமாடிய மலைப்பகுதிக்கே குடிபெயர்கிறார். டோல்விதெலன் கோட்டையின் குத்தகையை வாங்குகிறார்; 1500ஐ ஒட்டிக் குவிடிரை விலைக்கு வாங்குகிறார். டோல்விதெலன் தேவாலயத்தில் அவருடைய பித்தளை நினைவுத் தகடு இன்றும் இருக்கிறது. கவசம் அணிந்து முழங்காலிட்ட உருவம். மறைந்த ஆண்டு 1525. வேல்ஸின் பழைய வழக்கப்படி நிலம் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரியும். 1536–43 சட்டங்கள்தான் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டின. மரெடித் வந்தேறிய இடத்தில் புதிதாக வாங்கிச் சேர்த்ததே குவிடிர் பண்ணைக்கு அடித்தளம் என்பது என் கணிப்பு.

உயில்களில்தான் அதிக நேரம் செலவிட்டேன், அது வீண்போகவில்லை. 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்களை அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து இலவசமாகவே தருகிறது. ஆனால் பெரிய குடும்பத்தை அங்கே மட்டும் தேடினால் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) சொத்து இருந்தால் உயில் கன்டர்பரி பேராயர் நீதிமன்றத்துக்குப் போகும். அந்தப் பதிவுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வின்களின் நிலங்கள் செயின்ட் ஆசஃப், பாங்கர் என இரண்டு மறைமாவட்டங்களில் கிடந்தன. குவிடிர் வீடு இருப்பது அன்றைய கார்னார்வன் மாவட்டம். அதன் பங்குத் தேவாலயமோ ஆற்றுக்கு அப்பால் அன்றைய டென்பி மாவட்டத்து லான்ரூஸ்டில். இந்தப் புவியியலைத் தெரிந்துகொள்ளாமல் தேடுபவர்கள் பாதி ஆவணங்களைத் தவற விடுவார்கள்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கால எழுத்தில் ‘யு’வும் (u) ‘என்’னும் (n) இரண்டிரண்டு குட்டைக் கோடுகள்தான். ‘யேயன்’ (Ieuan) என்ற பெயரில் இரண்டுமே வருவதால் பட்டியல் தயாரித்தவர்கள் அதை விதவிதமாகப் படித்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது உயில்களின் முதல் வரி. ஆங்கில உயில்கள் பெரும்பாலும் ‘கடவுளின் பெயரால், ஆமென்’ (In the name of God, Amen) என்றே தொடங்கும். என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே தெரியும் என்பதால், அந்த ஒரு வரியிலிருந்து எழுதியவரின் பதினோரு எழுத்துகளைப் பிரித்தெடுத்து ஒரு தாளில் வரைந்துகொள்ளலாம். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருகின்றன. அப்படி ஒரு பெயர் தெளியும் கணத்தின் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

தேதி இன்னொரு கண்ணி. 1752க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். பிப்ரவரி 1633 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1634. நான் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே குறிக்கிறேன்.

பெண்களைத் தேடுவது கடினம், ஆனால் விடைகள் அங்கேதான் இருக்கின்றன. மோரிஸின் தம்பி ராபர்ட் வின், கான்வி நகரில் ப்ளாஸ் மௌர் என்ற அழகான வீட்டைக் கட்டியவர். அவருக்கு அடுத்தடுத்து இரண்டு மனைவியர், இருவர் பெயரும் டோரதி. முதலாமவருக்குக் குழந்தை இல்லை; பிள்ளைகள் எல்லாம் இரண்டாமவர் வழி. ராபர்ட் 1598இல் இறந்தார்; அவர் உயில் மீதான வழக்கு 1630 வரை இழுத்தது. குடும்பத்துக்கு அது பெருந்துன்பமாக இருந்திருக்கும், ஆனால் உறவுமுறையை அறிய வழக்குக் கட்டைப் போல உதவும் ஆவணம் வேறில்லை.

மோரிஸ் மணந்த பெரைன் காத்ரின் நான்கு கணவர்களைக் கண்டவர். ‘வேல்ஸின் தாய்’ என்றே பெயர் பெற்றவர். முதல் கணவரின் இறுதிச் சடங்கு நாளிலேயே அவர் இரண்டாவது, மூன்றாவது கணவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் என்றொரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மரத்தில் அதற்கு இடமில்லை. 1566இல் முதல் கணவரும் 1570இல் இரண்டாமவரும் 1580இல் மோரிஸும் இறந்தார்கள் என்பதை மட்டும் ஏற்றியிருக்கிறேன். சர் ஜான் காத்ரினின் மகன் அல்லர். மோரிஸின் முதல் மனைவி ஜேன் பல்க்லியின் மகன்.

இனி 1674. சர் ஜானுக்கு 1611இல் கிடைத்த பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் ஆண்வழிக்கு மட்டுமே உரியது. அவர் மூத்த மகன் 1614இல் இத்தாலியின் லூக்காவில் இறந்துவிட்டார். அடுத்து ரிச்சர்ட், ஓவன், ஓவனின் மகன் ரிச்சர்ட் என்று பட்டம் இறங்கி, 1674இல் நேர்வழி ஒரே மகள் மேரியோடு நிற்கிறது. 1678இல் மேரிக்குத் திருமணம். குவிடிர் அவர் கணவரின் பெர்ட்டி குடும்பத்துக்குப் போகிறது. பட்டமோ சர் ஜானின் பத்தாவது மகன் ஹென்றியின் வழிக்குத் தாவுகிறது. ஹென்றியின் மகன் ஜான், மனைவி வழியில் வந்த மாளிகைக்கு வின்ஸ்டே என்று பெயரிட்டு, 1719இல் வாரிசின்றி இறக்கிறார். சொத்து உறவினர் வாட்கின் வில்லியம்ஸுக்குப் போகிறது. அவர் வின் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்.

வாட்கின் எப்படி உறவு? அவர் தாய் ஜேன் தெல்வால். ஜேனின் தாய் சிட்னி. சிட்னியின் தந்தை வில்லியம், சர் ஜானின் இன்னொரு மகன். சர் ஜானின் மனைவி பெயரும் சிட்னிதான், பாட்டி பெயரைப் பேத்திக்கு வைத்திருக்கிறார்கள். அச்சு வம்சாவளிகள் இந்தத் தொடர்பைச் சொல்கின்றன. நான் சிட்னியின் திருமண ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்க்க விரும்புகிறேன். 1858இல் வின்ஸ்டே தீக்கிரையானபோது அங்கிருந்த கையெழுத்துப் படிகள் பல அழிந்துபோயின. எஞ்சிய பண்ணை ஆவணங்கள் அபெரிஸ்ட்வித் நூலகத்தில் உள்ளன. அவற்றின் பட்டியலில் தெல்வால் பெயர் வரும் பத்திரங்களை இப்போது தனியே குறித்துக்கொண்டிருக்கிறேன்.