கடைசியில் தொட வேண்டிய நட்டு

பழைய கார்களைச் சீரமைக்கும் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு பொருத்திய கார் ஒன்று வந்தது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, அது நிலைகொள்ளாமல், சிறிது நேரம் சீராக ஓடிப் பிறகு விட்டுவிட்டு இடித்தது. மிக்சர், அதாவது காற்று-பெட்ரோல் கலவைதான் கெட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்குக் கீழே இருக்கும் நட்டைத் திருகத் தொடங்கினேன். மாலை வரை திருகியும் காலையில் இருந்ததைவிட மோசமாகவே ஓடியது.

மூத்த மெக்கானிக் அருகில் வந்து, "தம்பி, டேப்பெட் பாத்தியா? பாயிண்ட் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டையும் நான் பார்த்திருக்கவில்லை. டேப்பெட் எனப்படும் வால்வு இடைவெளி, தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளி, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் ஆகியவற்றை வரிசையாகச் சரிபார்த்த பின், ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் தண்டான ஸ்பிண்டிலின் முனையை அவர் இரு விரலால் பிடித்து அசைத்தார். அசைவுக்கேற்ப என்ஜினின் ஓசையும் மாறியது. ஸ்பிண்டில் தேய்ந்து, அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும் ஐடிலிங்கில் இந்தக் கள்ளக் காற்று பெரும் பங்காகிவிடுகிறது; த்ராட்டில் திறந்ததும் அதே அளவு காற்று பொருட்டாகவே இருப்பதில்லை. ஆகவே ஐடிலிங்குக்காகப் பெட்ரோலைக் கூட்டினால், சாலையில் ஓடும்போது மிக்சர் தேவைக்கு மேல் ரிச்சாகிவிடும், அதாவது பெட்ரோல் மிகுந்துவிடும். நான் நாள் முழுவதும் செய்தது அதைத்தான்.

புதிய ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போட்ட பிறகுதான் உண்மையான செட்டிங் தொடங்கியது. எஸ்.யூ.வின் அமைப்பை நான் இன்றும் வியக்கிறேன்: என்ஜின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்பக் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தானே உயர்ந்து வழிவிட, அதன் அடியில் பொருத்திய கூம்பு ஊசியும் கூடவே உயர்ந்து, ஜெட்டில் தேவையான அளவு மட்டும் பெட்ரோலுக்கு இடம் தருகிறது. அந்தப் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கி, அடியில் "டக்" என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ஊசி ஜெட்டின் நடுவில் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதைச் செய்தாலும் வீண்.

இரண்டு ஜெட்டுகளையும் பிஸ்டன் வந்து அமரும் பாலத்தின் மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து ஆறு பட்டை கொண்ட நட்டை 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கித் தொடங்கினோம். என்ஜின் நன்றாகச் சூடேறியதும் இரண்டு கார்புரேட்டர்களின் த்ராட்டில்களையும் சேர்க்கும் இணைப்பைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாறிமாறி வைத்து, இரண்டு சீறலும் ஒரே அளவில் கேட்கும் வரை ஐடிலிங் திருகுகளைச் சரிசெய்தோம். பிறகே மிக்சர். பிஸ்டனை அதன் அடியில் உள்ள சிறு தூக்கும் கம்பியால் சுமார் 0.8 மி.மீ. மட்டும் உயர்த்திக் காதைக் கொடுக்க வேண்டும். என்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். என்ஜின் துவண்டு அணையப் பார்த்தால் குறைவு. கணநேரம் மிகச் சிறிதாக உயர்ந்து பழைய வேகத்துக்கே திரும்பினால் சரி. ஒரு நேரத்தில் ஒரு பட்டைக்கு மேல் திருப்பக் கூடாது. திருப்பிய ஒவ்வொரு முறையும் சீறலை மறுபடி ஒப்பிட வேண்டும், ஏனெனில் ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். பொறுமை இல்லாதவர் இந்த வேலையில் கைவைக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இணைப்பை இறுக்கியபோது இடப்பக்கச் சீறல் லேசாகக் கூடிவிட்டது. கிளாம்ப் இறுகும்போது ஸ்பிண்டிலைத் திருப்பிவிட்டிருந்தது. தளர்த்தி மீண்டும் செய்தோம். மூன்றாம் முறைதான் சரியாக அமைந்தது. பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டேஷ்பாட்டில் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, காரைச் சற்றுத் தூரம் ஓட்டி வந்து, மிக்சர் சரியா என்று நிறம் பார்க்கப் பிளக்குகளைக் கழற்றினோம். இன்றைய ஈயமில்லாப் பெட்ரோலில் நிறம் முன்போல் தெளிவாகப் படிவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பி நான் முடிவெடுப்பதில்லை. ஆயினும் அன்று நான்கும் ஒரே வெளிர் பழுப்பாக இருந்தன. அவர் அவற்றைத் துணியில் வரிசையாக வைத்து, கரியும் வெளுப்பும் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கிவிட்டு, மாட்டும் வேலையை என்னிடமே விட்டார்.